ரசிகர்கள் கட்டிய பொன் மண்டபம்

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரி முதல் தேதி வியன்னாவில் நடக்கிற புத்தாண்டுக் கச்சேரியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மேடை நெடுகப் பூக்கள், சுவரெல்லாம் பொன் பூச்சு, முடிவில் கூட்டமே தாளம் போட்டுக் கை தட்டும். மூசிக்ஃபெராய்ன் என்கிற அந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வியன்னா என்றதும் மோட்சார்ட், பேத்தோவன், ஷூபர்ட் என்று பெயர்கள் வந்து விழும். மூவரும் அந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்தவர்கள்தான். ஆனால் ஒருவர்கூட இந்த மண்டபத்தில் கால் வைத்ததில்லை. ஷூபர்ட் காலமானது 1828இல்; மண்டபம் திறந்தது 1870 ஜனவரி 6ஆம் தேதி. கட்டியது அரசரா என்றால், அதுவும் இல்லை. 1812இல் இசைப் பித்துப் பிடித்த ஊர்க்காரர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். நம்முடைய சபா மாதிரி. பழைய கோட்டைச் சுவரை இடித்தபின் கிடைத்த இடத்தில் ஒரு மனையைப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கொடுத்தார். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொண்டது. வரைபடம் போட்டவர் தியோஃபில் ஹான்சன், டென்மார்க்காரர். ரசிகர்கள் கட்டியது என்பதை மறந்துவிடாதீர்கள். மறுபடி அதற்கு வருவேன்.

பெரிய கூடம் நீளமாக, ஒடுக்கமாக, உயரமாக இருக்கும். சுமார் 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம். பக்கச் சுவர்கள் கிட்டத்தில் இருப்பதால் நாதம் இரண்டு பக்கமும் பட்டு உடனே காதுக்குத் திரும்பி வருகிறது. பொன் சிலைகளும் மேடு பள்ளமான வேலைப்பாடும் அதைச் சிதறடித்துப் பரப்புகின்றன. மரத் தரைக்குக் கீழே காலி இடம். வாசித்து நிறுத்தினால் ஏறக்குறைய இரண்டு வினாடி கார்வை நிற்கும். ஒலியியல் ஒரு கணக்காக வளர்வதற்கு முன்னாலேயே கட்டியது இது! இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: அத்தனை பேருக்கும் மைக் இல்லாமல் கேட்கிறது. நம் சபாக்களில் வீணைக்கும் மைக், மிருதங்கத்துக்கும் மைக், அப்புறம் பாடகர் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். சரி, அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ரசிகர்கள் என்றேனே. 1913 மார்ச் 31. மேடையில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க். அவருடைய உருப்படியும், அவருடைய சீடர்கள் வெபர்ன், பெர்க் இருவரின் உருப்படிகளும் நிகழ்ச்சியில் இருந்தன. பழகிய சுருதிக் கட்டுக்குள் அடங்காத இசை. வெபர்னின் உருப்படிக்கே கூட்டத்தில் சிரிப்பும் சீழ்க்கையும் தொடங்கிவிட்டன. பெர்க்கின் பாட்டுகள் வந்தபோது ஒரு கட்சி கத்துகிறது, எதிர்க்கட்சி “வாயை மூடு” என்கிறது, கைகலப்பு, போலீஸ். கச்சேரி பாதியில் நின்றது. கடைசியில் வரவேண்டிய மாலரின் பாடல்கள் வரவே இல்லை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவரே ஒருவரை ஓங்கி அறைந்தார் என்று வழக்கு. அதில் சாட்சி சொன்ன ஓர் இசையமைப்பாளர், அன்றைய மாலையில் கேட்டதிலேயே இனிமையான ஓசை அந்த அறைதான் என்றாராம்! இன்றைக்கும் அதற்கு ‘அறை விழுந்த கச்சேரி’ என்றுதான் பேர். பெர்க்கின் அந்தப் பாட்டுத் தொகுதி முழுசாக மேடையேற 1953 ஆயிற்று. அவர் இறந்து பதினெட்டு வருஷம் கழித்து. ரசிகர்கள் கட்டிய மண்டபத்தில் ரசிகர்கள் செய்த காரியம்.

அதே மண்டபத்தில், 1897 மார்ச் 7ஆம் தேதி, நோயில் உருக்குலைந்த இசையமைப்பாளர் பிராம்ஸ் மாடத்தில் உட்கார்ந்து தம்முடைய நான்காவது சிம்ஃபொனியைக் கேட்டார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கரவொலி. அவர் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார். ஒரு மாதம் ஆகவில்லை, ஏப்ரல் 3இல் போய்விட்டார். அதுவும் ரசிகர்கள்தான்.

மணியைக் காட்டுகிறார்கள். சங்கத்தின் ஆவணக் காப்பகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பேத்தோவன் தம் மூன்றாவது சிம்ஃபொனியின் பிரதியில் நெப்போலியன் பெயரைத் தாள் கிழியச் சுரண்டினாரே, அந்தத் தாள் அங்கேதான் இருக்கிறது. பிராம்ஸின் புத்தகங்களும் அங்கேதான். 2004இல் தரைக்கடியில் நான்கு கூடங்கள் புதிதாகத் திறந்தார்கள், அதற்கும் நேரமில்லை. அந்த ஊருக்குப் போகிறவர்கள் நின்று கேட்கிற சீட்டு உண்டா என்று விசாரியுங்கள், பின்னால் முன்னூறு பேர் வரை நிற்கலாம். வணக்கம்.