மூன்று ராஜாக்கள் பேழை: முன்பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள்!

வணக்கம் நண்பர்களே! ஜெர்மனியின் கொலோன் பேராலயத்திலிருந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன், படபடப்பு இன்னும் அடங்கவில்லை. பளபளவென்று தங்கத்தைக் கண்டாலே நான் நகர்ந்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பேழையை விட்டு மட்டும் நகர முடியவில்லை.

முதலில் பைனாகுலரைப் பாருங்கள். பேழை பெரிய பீடத்துக்குப் பின்னால், உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு முகங்கள் பிடிபடாது. அதற்காகவே பழைய சாமான் கடையில் இதை வாங்கினேன். கடைக்காரர் 35 யூரோ சொன்னார். லென்ஸ் ஓரத்தில் இருந்த கீறலைக் காட்டிப் பேசிப் பேசி 22-க்கு முடித்தேன். 22 யூரோ! கீறல் பார்வையில் தெரியவே இல்லை. இந்தப் பயணத்தில் செலவழித்த மிக நல்ல பணம் இதுதான்.

சரி, பேழை. பேராயர் ரைனால்ட் 1164-இல் மிலானிலிருந்து கொண்டுவந்த எலும்புகளுக்காகச் செய்தது. குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்களின் எலும்புகள் என்பது நம்பிக்கை. தேவாலய வடிவம், 2.2 மீட்டர் நீளம். எல்லோரும் முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அங்கே இருப்பது சொக்கத் தங்கம், ஜெர்மானிய அரசர் நான்காம் ஓட்டோ கொடுத்தது. கொடுத்தவரும் அங்கே ஒரு உருவமாக மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் நிற்கிறார், கிரீடம் இல்லாமல். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

பக்கவாட்டுக்கு வாருங்கள்! கீழ் வரிசையில் பைபிளில் வரும் இறைவாக்கினர்கள், வெர்டன் ஊர்ப் பொற்கொல்லர் நிக்கோலாஸின் கைவேலை. வெள்ளித் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி எழுப்பி, முலாம் பூசியிருக்கிறார்கள். எரேமியா, அபக்கூக்கு என ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கால் மேல் அங்கி குழி குழியாக மடிந்து கிடக்கிறது, ஈரத்துணி ஒட்டிக்கொண்ட மாதிரி. 1200-ஐ ஒட்டிய காலத்தில் இப்படி உயிருள்ள உடம்பா! மேல் வரிசைத் திருத்தூதர்களிடம் இந்த வேகம் இல்லை.

அட, ஓட்டோ பேச்சில் ஒன்று விட்டுப்போயிற்று. முன்பக்கத்தில் ஒரு தகடு தனியாகக் கழன்று வரும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் அதை எடுத்துவிடுவார்கள். கம்பிக்குப் பின்னால் கிரீடம் வைத்த மண்டையோடுகள் தெரியும். அந்தத் தகட்டில் முன்பு பெரிய செதுக்குக் கல் ஒன்று இருந்தது, அதில் இருப்பது எகிப்து அரசர் தாலமியும் அரசியும் என்று சொல்வார்கள். 1574-இல் யாரோ திருடிவிட்டார்கள். அது இன்றைக்கு வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை.

1794-இல் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து பேழையை வெளியூருக்கு அனுப்பி, திரும்பியபோது சேதமாகி, நீளத்தையே குறைத்துத்தான் சேர்த்தார்களாம். 1961 முதல் 1973 வரை வேலை செய்து பழைய நீளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அடுத்து வியன்னாதான். அந்தக் கல்லையும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே குளோஸ்டர்நொய்பர்க் மடத்தில் நிக்கோலாஸ் 1181-இல் முடித்த எனாமல் பலகைகள் இருக்கின்றன. பைனாகுலரும் வருகிறது.