ராபர்ட் புரூஸ் எத்தனை முறை கட்சி மாறினார்?

ராபர்ட் புரூஸ் என்றாலே நமக்கெல்லாம் சிலந்திதான் நினைவுக்கு வரும். தோற்றுப்போய்க் குகையில் ஒளிந்திருந்த ஸ்காட்லாந்து ராஜா, விழுந்து விழுந்து வலை பின்னும் சிலந்தியைப் பார்த்துத் தெம்பாகி, மறுபடி போருக்குப் போய் ஜெயித்த கதை. அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட், 1820-களின் கடைசியில், அதாவது புரூஸ் இறந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம் கழித்து. அவருக்கு முன்னால் அதே சிலந்தி புரூஸின் தளபதி ஜேம்ஸ் டக்ளஸின் கதையில் பின்னிக்கொண்டிருந்தது. ஆகவே சிலந்தியை இத்தோடு விட்டுவிடுவோம்.

இன்னொரு கட்டுக்கதை இதற்கு நேரெதிர். 1995-ல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படத்தில், 1298 ஃபால்கிர்க் போரில் புரூஸ் ஆங்கிலேயர் பக்கம் நின்று, ஸ்காட்லாந்துப் படைத்தலைவர் வில்லியம் வாலஸை எதிர்ப்பார். படக்காரர்கள் புதிதாகக் கட்டியதில்லை, பழைய ஸ்காட்லாந்து ஏடுகளிலேயே இந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் அந்தப் போருக்கு இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டோடு வந்த பிரபுக்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது, அதில் புரூஸ் பெயர் இல்லை. போர் முடிந்து ஆங்கிலப் படை மேற்கே வந்தபோது, அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று ஏர் என்ற ஊரின் கோட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போனவர் அவர்.

அதற்காக அவரைக் கொள்கைக் குன்று என்று நினைத்துவிடாதீர்கள். மாறினார், நன்றாகவே மாறினார்.

[திரையில்: 1296, 1297, 1302, 1306]

1296-ல் எட்வர்டுக்கு விசுவாசப் பிரமாணம். 1297-ல் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எட்வர்டின் ஆட்கள் எல்லைப்புற ஆங்கில ஊரான கார்லைலுக்குக் கூப்பிட்டு, புனித தாமஸ் பெக்கெட்டின் வாள் மேல் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். செய்கிறார். விசுவாசத்தைக் காட்ட, எட்வர்டை எதிர்த்த டக்ளஸ் குடும்பத்தின் நிலங்களைச் சூறையாடிவிட்டும் வருகிறார். அப்புறம் அப்பாவின் வீரர்களைக் கூட்டி, அந்தச் சத்தியம் மிரட்டி வாங்கியது, சொந்த ரத்தத்தை யாரும் வெறுக்க முடியாது, நான் பிறந்த மக்களோடுதான் நிற்பேன் என்று பேசியதாக அந்தக் காலத்து ஆங்கிலேயத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். உருக்கமான பேச்சுதான். கேட்டவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், ராவோடு ராவாகக் கிளம்பிப் போய்விட்டார்கள்! அப்புறம் புரூஸ் போய்ச் சேர்ந்த, எட்வர்டுக்கு எதிரான கலகமும் ஜூலையில் இர்வின் என்ற ஊரில் சரணாகதியில் முடிந்தது. பிணையாக மகள் மார்ஜரியைக் கேட்டார்கள், அவர் அனுப்பியதாகத் தெரியவில்லை.

இந்த மாற்றங்களை 'ஸ்காட்லாந்தா, இங்கிலாந்தா' என்ற கேள்வியோடு பார்த்தால் தலை சுற்றும். ஜான் பேலியல் என்ற பெயரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 1290-ல் நேரடி வாரிசு இல்லாமல் சிம்மாசனம் காலியானபோது உரிமை கேட்டவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர், புரூஸின் தாத்தாவும் பேலியலும். பஞ்சாயத்து பண்ணிய எட்வர்ட் 1292-ல் பேலியலுக்குத் தீர்ப்பு சொன்னார். புரூஸ் குடும்பம் அதை ஒருநாளும் ஜீரணிக்கவில்லை. 1296-ல் ஸ்காட்லாந்து எழுந்தது பேலியலின் தலைமையில், அதனால்தான் புரூஸ்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஃபால்கிர்க்குக்குப் பிறகு புரூஸும் பேலியலின் ஆள் ஜான் கமினும் சேர்ந்து, ராஜா இல்லாத நாட்டை நிர்வகிக்கும் காப்பாளர்கள் ஆனார்கள். கமினுக்குப் பேலியல் தாய்மாமன். எப்படி ஒத்துப்போகும்? 1299 ஆகஸ்டில் பீபிள்ஸ் கூட்டத்தில் வாலஸின் நிலத்தைப் பற்றிய வாக்குவாதம் முற்றி, கமின் பாய்ந்து புரூஸின் கழுத்தைப் பிடித்துவிட்டார். உள்ளே இருந்த ஆங்கிலேய ஒற்றன் அனுப்பிய அறிக்கையால்தான் இது நமக்குத் தெரிகிறது.

1296-ல் எட்வர்டிடம் தோற்றுச் சிறைப்பட்ட பேலியல், 1301-ல் போப்பின் காவலிலிருந்து விடுபட்டு பிரான்சுக்குப் போனார். பிரெஞ்சு ராஜா உதவியோடு திரும்பி வருவார் என்று பேச்சு. அடுத்த வருடமே புரூஸ் எட்வர்டிடம் போய்விட்டார். அப்போது எழுதிக்கொண்ட ஒப்பந்தமே காரணத்தைச் சொல்கிறது: ராஜ்ஜியம் பேலியல் கைக்கோ அவர் மகன் கைக்கோ போய்விடுமோ என்ற பயம், அப்படி நேர்ந்தால் புரூஸ் தன் உரிமையைக் கேட்கலாம் என்ற உறுதி. என்னைக் கேட்டால் அவருடைய மொத்த அரசியலும் இந்த ஒரு தாளில் இருக்கிறது. எட்வர்டின் விசுவாசியான, அயர்லாந்தின் அல்ஸ்டர் பிரபுவின் மகள் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டதும் அதே சமயத்தில்தான்.

அவரை மட்டும் பச்சோந்தி என்பதும் நியாயமில்லை. கமினே 1304-ல் சரணடைந்தார். இரண்டு நாட்டிலும் நிலம் வைத்திருந்த பிரபுக்களுக்குச் சத்தியம் என்பது, மீறினால் சொத்து பறிபோகும் ஒரு விவகாரம். அதே 1304 ஜூனில், எட்வர்ட் ஸ்டர்லிங் கோட்டையை முற்றுகையிட்டிருக்க, எட்வர்டுக்காக வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தில் கேம்பஸ்கென்னத்தில் ஸ்காட்லாந்து பிஷப் லாம்பர்டனோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார் புரூஸ்: ஒருவரையொருவர் காப்பாற்ற வேண்டும், மீறினால் பத்தாயிரம் பவுண்டு அபராதம்.

1306 பிப்ரவரி 10, டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் கமினைக் குத்தினார். முன்பே திட்டமிட்டாரா, பேச்சு முற்றிக் கத்தி வந்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. கமின் முதலில் புரூஸை எட்வர்டிடம் காட்டிக்கொடுத்தார் என்ற கதை ஜெயித்தவர் தரப்புக் கதை, அதை அப்படியே விழுங்க வேண்டாம். ஆறே வாரத்தில், மார்ச் 25 அன்று, ஸ்கோனில் ஸ்காட்லாந்து ராஜாவாக முடிசூடினார். கிரீடம் தலையில் ஏறிய பிறகு, மூன்று தம்பிகளை எட்வர்ட் கொன்ற பிறகும், பக்கம் மாறவே இல்லை. மாற வேறு பக்கமும் இல்லை.

1314-ல் பேனக்பர்ன் போரில் ஆங்கிலேயர் மேல் பெரிய வெற்றி. 1320 ஏப்ரலில் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்புக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்கள்: எங்கள் ராஜா புரூஸ்தான், ஆனால் அவரே இங்கிலாந்துக்கு அடிபணிந்தால் அவரைத் துரத்திவிட்டு வேறொருவரை ராஜாவாக்குவோம். அவருடைய பழைய கணக்கு தெரிந்தவர்கள் எழுதியது போலவே இருக்கிறது, இல்லையா? அதே வருடம் ஆகஸ்டில் புரூஸைக் கொல்லச் சதி என்று விசாரணை. சிக்கியவர்களில் அந்தக் கடிதத்தில் பெயர் இருந்தவர்களும் உண்டு. டேவிட் பிரெக்கின் சதியில் சேரவில்லை, தெரிந்தும் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். தலை போனது. ரோஜர் மோப்ரே விசாரணைக்கு முன்பே இறந்துவிட, பிணத்தைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கிவந்து துரோகி என்று தீர்ப்பு சொன்னார்கள். உடலைச் சிதைக்க வேண்டாம், புதையுங்கள் என்று விட்டுக்கொடுத்தார் ராஜா.