பேன்ட் மாறினால் பல்சக்கரமும் மாறும்

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். பிஎம்எக்ஸ் சைக்கிளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள்.

இந்த வண்டி பிறந்ததே பார்த்துச் செய்த ஆசையில்தான். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாப் பையன்கள், மோட்டோகிராஸ் என்கிற மண்பாதைப் பந்தயத்தில் பைக் ஓட்டுகிறவர்களைப் பார்த்து, 20 இஞ்ச் சக்கர சைக்கிளை மண் மேட்டில் ஓட்டினார்கள். உடுப்பும் அந்த பைக்காரர்களுடையதுதான். 2008இல் ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் தெருவில் வித்தை காட்டும் கூட்டம் வளர்ந்தது. தொளதொள பேன்ட் போய் ஒட்டிப் பிடிக்கும் ஜீன்ஸ் வந்தது. அதில் ஒரு லாபம், செயினில் துணி மாட்டாது. முன்னால் 44 பல் இருந்த செயின் வீல், 2000களில் 25 பல்லாகச் சுருங்கியது. பின்னால் 16 இருந்த இடத்தில் 9. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்துப் பாருங்கள்: அப்போது 2.75, இப்போது 2.78. மிதிக்கிற பாரம் ஏறக்குறைய அதேதான்! எடை குறைந்தது, திண்ணை விளிம்பில் செயின் வீல் இடிப்பதும் குறைந்தது. ஆனால் 9 பல் மட்டுமே இழுவையைத் தாங்குவதால் தேய்மானம் அதிகம். இது ஸ்டைலா, வசதியா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்பேன்.

பிரேக்கைக் கழற்றுவதுதான் எனக்குப் பிடிக்காத ஃபேஷன். ஹேண்டில்பாரைச் சுற்றும்போது வயர் முறுக்கிக்கொள்ளும் என்பார்கள். அதற்கு கைரோ என்ற பாகம் 1980களிலேயே வந்துவிட்டதே. ஸ்கேட் பார்க் என்கிற, வித்தைக்கென்றே சரிவுகள் கட்டிய திடலில் ஏறுகிற சரிவே வேகத்தைக் குறைத்துவிடும், மீதிக்கு ஷூவை டயரில் அழுத்துவார்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்குகிற மலைப்பாதையில், ரப்பர் செருப்போடு அதைச் செய்ய முடியுமா தம்பி?

பெக் சங்கதி தமாஷ். சக்கர அச்சில் மாட்டும் அந்தக் குழாய், கம்பியிலும் விளிம்பிலும் சறுக்கி ஓடத்தான். நம்ம ஊரில் அது சிநேகிதன் நின்றுகொண்டு வரும் படி. யாராவது பெக் கேட்டால் பின்சக்கர அச்சை முதலில் அளப்பேன். வித்தை வண்டியில் 14 மில்லிமீட்டர் இருக்கும். சாதா வண்டியின் மெல்லிய அச்சில் ஆள் ஏறி நின்றால் வளைந்துவிடும். அதற்கு நான் மாட்டித் தருவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும்.