முதல் ரிமாண்டில் யார் பேசுவது? தொலைக்காட்சிக் கொலை வழக்குகளை முன்வைத்து ஒரு சொற்பொழிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அவர்களே, வழக்கறிஞர் சங்கத்தின் தலைவர், செயலாளர் பெருமக்களே, தடய அறிவியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி இன்று நம்மோடு அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, கூடத்தைத் தந்து உதவிய நூலகர் அவர்களே, பின் வரிசையில் நின்றபடியே கேட்கும் சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். நீதிபதி அய்யா முன்னால் குற்றவியல் நடைமுறையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. பிழை இருந்தால் அய்யா நிறைவுரையில் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தடயம், சாட்சி, தண்டனை என்று மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆனால் நான் போய்ச் சேர வேண்டிய இடம் முதல் ரிமாண்ட்: கைதானவரை முதன்முதலில் நடுவர் முன் நிறுத்திக் காவலில் வைக்கும் அந்த நேரத்தில் அவருக்காக யார் பேசுவது என்பது.

2008-இல் பிபிசி ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒரு தொடரை ஒளிபரப்பியது. பெயர் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’. அப்பாவின் டாக்சியை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஓர் இளைஞன், வழியில் ஏறும் ஒரு பெண், ஓர் இரவு. கண் விழித்துப் பார்த்தால் அவள் கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கிறாள். பையன் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இதே கதையை 2016-இல் அமெரிக்காவில் நியூயார்க்குக்கு மாற்றி எடுத்தார்கள். 2019-இல் இந்தியில் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் தீர்ப்புச் சொல்கிறவர்கள் பொதுமக்களிலிருந்து எடுத்த ஜூரிகள். மும்பையில் ஜூரி கிடையாது. நீதிபதி ஒருவரே. நாடு மாறினாலும் பையனின் நிலைமை மாறவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்கள்.

நம் பாட்டிமார் சொல்லிவைத்தது உங்களுக்குத் தெரியும்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இன்று இதை நான் பலமுறை சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தடயம். இப்படிப்பட்ட தொடர்களில் வரும் மருத்துவர் பிணத்தைப் பார்த்தவுடன் ‘இரவு பத்து இருபதுக்கு இறந்திருக்கிறார்’ என்கிறார். அப்படிச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. உடல் விறைப்பு முகத்தில் தொடங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். உடம்பு முழுக்கப் பரவ ஏறக்குறைய 12 மணி நேரம். பிறகு சில மணி நேரம் அப்படியே இருந்து மெல்லத் தளரும். நம் ஊர் வெயிலில் இதெல்லாம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். பிணவறைக் குளிரில் தாமதமாகும். ஆகவே பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் ‘இத்தனை மணி முதல் இத்தனை மணிக்குள்’ என்றுதான் எழுதுவார்கள். அந்த இடைவெளிக்குள்தான் கடைசியாக ஒன்றாகப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியும் அடங்க வேண்டும்.

ரத்தக்கறை படிந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுகிறார்கள், திரையில். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதையும். நிழலில் காற்றாட உலர்த்திக் காகித உறையில் இட்டு, சீல் வைத்து, சாட்சிகள் கையெழுத்தோடு நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பவ இடத்தில் ரத்தம் கலந்த மண் எடுத்தால், பக்கத்திலேயே ரத்தம் படாத மண்ணையும் தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிடாமல் ஆய்வறிக்கைக்கு மதிப்பில்லை. இவற்றில் ஒன்று தவறினாலும் ஆய்வகத்திலிருந்து ‘மனித ரத்தம், பிரிவு கண்டறிய இயலவில்லை’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் விழுந்த வழக்குகள் உண்டு. நிரபராதிக்குச் சாதகமாகப் பேச வேண்டிய தடயம் வாயடைத்துப் போவதும் அதே ஒரு வரியில்தான்.

கண்காணிப்புக் கேமரா இன்னொன்று. பதிவுப் பெட்டி நிறையும்போது பழையதன் மேலேயே புதியது பதியும். பல கடைகளில் 15 நாள், 30 நாளில் காட்சி போய்விடும். பெட்டியின் கடிகாரம் நிஜ நேரத்திலிருந்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் தள்ளி ஓடுவது சகஜம். கைப்பற்றும்போதே அந்த வித்தியாசத்தை மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பில், எழுதாவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததை அந்தக் காட்சியை வைத்து நிரூபிப்பது கடினம். மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் கூட இருக்க வேண்டும். பழைய சட்டத்தில் அது 65பி. எந்தத் தொடரும் இந்தச் சான்றிதழைக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஒப்புதல் வாக்குமூலம். இருட்டறை, மேலே ஒற்றை விளக்கு, ‘ஆமாம், நான்தான் கொன்றேன்’ என்று அழுகை. வழக்கு முடிந்தது என்று பார்க்கிறவர்கள் எழுந்துபோகிறார்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் நம் நாட்டில் சாட்சியம் ஆகாது. அன்று சாட்சியச் சட்டம் 25, 26. இன்று, 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 23. ஒரே ஒரு விலக்கு: அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு ஒட்டிய சொற்கள் மட்டும் செல்லும். ‘கத்தியை வைக்கோல் போரில் ஒளித்துவைத்தேன்’ செல்லும். ‘அந்தக் கத்தியால் குத்தினேன்’ செல்லாது. 1946 டிசம்பரில் புலுக்குரி கோட்டையா வழக்கில், அன்று நமக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இட்ட கோடு அது. இன்றும் மாறவில்லை. போலீஸ் அல்லாதவரிடம் சொன்னதாகக் காட்டி இதைச் சுற்றிப் போகத்தான் நம் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். தலைமறைவாக இருந்தவர் திடீரென்று முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப்போய் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார் என்று ஆவணம் இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் ஏன் போய்ச் சொன்னார் என்று கேட்க ஒரு வக்கீல் வேண்டும். தீர விசாரிப்பது என்பது அந்த ஒரு கேள்விதான்.

இங்கே பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம். தியாகராஜ பாகவதர் தெருவில் இறங்கினால் ஜனம் வழிவிடாத காலம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வந்தாலே கொட்டகை சிரிக்கும். அப்படி இருக்கையில் நவம்பர் 8-ஆம் தேதி காலை, வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை விற்றவர் அவர். முதலில் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’. குத்துப்பட்டவர் உடனே சாகவில்லை. நண்பரான வக்கீல் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பொது மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைது! ஊரே இரண்டாகப் பிரிந்தது. பாகவதரா செய்திருப்பார் என்று ஒரு பாதி. லட்சுமிகாந்தன் யாரைத்தான் திட்டி எழுதவில்லை, காரணம் இருக்கிறதே என்று மறு பாதி. டீக்கடையில் பாதி வழக்கு முடிந்துவிட்டது. உயர்நீதிமன்றத்தில், அன்று நம் நாட்டிலும் இருந்த ஜூரி முன்பு விசாரணை. அப்ரூவர், அதாவது குற்றவாளிகள் பக்கமிருந்து அரசுத் தரப்புக்கு மாறியவர், சாட்சி சொன்னார். கைதானவர்களில் ஒருவரான திரைப்பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். 1945 மே மாதம் பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. அன்றைய சொல்லில் தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டிலும் விடிவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மேல்முறையீட்டை மறுபடி விசாரியுங்கள் என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மறு விசாரணையில், 1947 ஏப்ரலில், இருவரும் விடுதலை. அதே சாட்சிகள், அதே ஆவணங்கள். இரண்டாம் முறை தீரப் படித்தார்கள், அவ்வளவுதான்.

உள்ளே போனவர்கள் கிட்டத்தட்ட இரண்டரை வருடம் கழித்து வெளியே வந்தார்கள். கலைவாணர் மீண்டும் எழுந்தார். பாகவதரின் படங்கள் அதன் பிறகு ஓடவில்லை. 1959-இல் காலமானார். நாட்டின் பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள், லண்டன் வரை போகப் பணம் இருந்தது. அவர்களுக்கே இந்தக் கதி என்றால் மூட்டை தூக்குகிறவருக்கு என்ன கதி?

இங்கேதான் நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். தொடர்களில் வக்கீல் எப்போது வருகிறார்? காவல் நிலையத்துக்கே வந்துவிடுகிறார். நிஜத்தில், கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அரசமைப்புச் சட்டம் 22-ஆம் உறுப்பு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் நடுவர் வீட்டுக்கு, இரவானாலும். அந்த வாசலில் காவலர்கள் இருக்கிறார்கள், கைதானவர் இருக்கிறார். பெரும்பாலும் வக்கீல் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பார்க்க வேண்டியதெல்லாம் இருக்கிறது. கைது குறிப்பாணையில் நேரம் சரியா? முந்தின நாளே பிடித்துவைத்திருந்தார்களா? உறவினருக்குச் சொன்னார்களா? மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் காயம் எழுதியிருக்கிறதா? ‘போலீஸ் அடித்தார்களா’ என்று நடுவர் கேட்கும்போது, பக்கத்தில் அதே போலீஸ் நிற்க, தனியாக நிற்கிறவர் என்ன பதில் சொல்வார்? ‘இல்லை’ என்பார். ஆறு மாதம் கழித்து அடித்தார்கள் என்று சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

சட்டத்தில் குறை இல்லை. முதன்முதலில் நடுவர் முன் நிறுத்தும்போதே இலவச வக்கீல் பெறும் உரிமை தொடங்குகிறது என்று உச்ச நீதிமன்றம் 1980 டிசம்பரில் பீகார் கத்ரி வழக்கில் சொல்லிவிட்டது. 2012-இல் கசாப் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே இல்லை. ஆயுள், தூக்கு வரக்கூடிய வழக்கில் இலவச வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், வழக்குக் கட்டைப் படிக்கக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்று 2019-இல் அனோகிலால் வழக்கில் உத்தரவு வந்தது. அந்த வழக்கில் வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்துவிட்டார்கள் என்பதால் வந்த உத்தரவு அது.

இன்னொரு கணக்கு. கொலை வழக்கில் 90 நாளுக்குள் இறுதி அறிக்கை, அதாவது குற்றப்பத்திரிகை, தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2), அதன் இடத்தில் வந்த இன்றைய சட்டத்தில் 187(3). ரிமாண்ட் செய்த முதல் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் தெளிவாகிவிட்டது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 91-ஆம் நாள் காலை நீதிமன்றம் உட்காரும்போதே மனு உள்ளே போக வேண்டும். மனுவுக்கு முன்னால் அறிக்கை வந்துவிட்டால் உரிமை போயிற்று. வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்றும் தீர்ப்பு உண்டு. ஆனால் நாளை எண்ணுவது யார்? உள்ளே இருப்பவருக்கு ரிமாண்ட் நீட்டிப்பு காணொலியில் அரை நிமிடம். அவர் எண்ணமாட்டார். 2022-ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், சிறையில் இருப்பவர்களில் 100-க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். பாதித் தண்டனைக் காலம் கழித்தால் விடலாம் என்கிற, அதே புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு கொலை வழக்குக்குப் பொருந்தாது. ஆகவே கொலை வழக்கில் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த 91-ஆம் நாள் பெரிய கதவு.

சாட்சியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்கிறவர், வந்தவுடன் வழக்கு செத்தது என்று திரையில் காட்டுகிறார்கள். பிறழ் சாட்சி சொன்னதில் நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது, அதை முரண் காட்ட மட்டுமே பயன்படுத்தலாம். இவை தனிப் பேச்சுக்கு உரியவை. தண்டனைக்குள் நான் போகவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தச் செய்தியை நீதிபதி அய்யாவிடமே விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் மேசை போட்டிருக்கிறது, மனு இருக்கிறது. ஒவ்வொரு நடுவர் நீதிமன்றத்துக்கும், விடுமுறை நாள், இரவு உட்பட, ரிமாண்ட் நேரத்தில் நிற்க ஒரு வக்கீலின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய முறைப்பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் நீதிமன்ற அறிவிப்புப் பலகையிலும் காவல் நிலையச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். அந்த வக்கீல் வந்தாரா, என்ன சொன்னார் என்று ரிமாண்ட் உத்தரவிலேயே ஒரு வரி பதிய வேண்டும். மனு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறது. கையெழுத்தோடு முகவரியும் எழுதுங்கள். முகவரி இல்லாத கையெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்ட உதவிக்கான தேசிய எண் 15100 அதே தாளின் அடியில் இருக்கிறது. அதைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பேனா நான்குதான் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் பேனாவைக் கொடுத்து உதவினால் வரிசை சீக்கிரம் நகரும். வணக்கம்.