காயலான் கடைக்கு வரும் கதிர்
(சென்னை புதுப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அணுகுண்டைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது, உங்கள் தராசில் வந்து விழக்கூடிய ஒரு சின்ன உலோக உருளையைப் பற்றி; உள்ளே கதிரியக்கப் பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் உடம்பைக் கெடுக்கும் கதிரை வீசுகிற பொருள், இருக்கும்.

சோவியத் காலத்தில் ஜார்ஜியாவின் மலைக்காடுகளில் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க, ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்கப் பொருளை வைத்த மின்னாக்கிகளை நிறுத்தியிருந்தார்கள். நாடு உடைந்தது, உள்நாட்டுப் போர் வந்தது. காவலும் போச்சு, கணக்கும் போச்சு. 2001 டிசம்பரில் லியா கிராமத்துப் பக்கம் விறகுக்குப் போன மூன்று பேர், அந்த மின்னாக்கிகளுக்குள் இருந்து, கவசமில்லாமல் கிடந்த இரண்டு உருளைகளைப் பார்த்தார்கள். சுற்றிலும் பனி, அவற்றையொட்டி மட்டும் உருகிய ஈரமண். தொட்டால் சூடு. கடுங்குளிர் ராத்திரி அல்லவா, பக்கத்திலேயே வைத்துக் குளிர்காய்ந்தார்கள். சில மணி நேரத்தில் வாந்தி. பிறகு முதுகில் ஆறாத புண். ஒருவர் 2004இல் இறந்துபோனார். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குளிரில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

2002 பிப்ரவரியில் சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியோடு அவற்றை மீட்டார்கள். ஒருவர் அருகில் நிற்கலாம் என்று கணக்கிட்ட நேரம் சுமார் 40 வினாடி. ஓடிப் போய், நீளக் கைப்பிடி இடுக்கியால் தன் பங்கை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், அடுத்தவர் ஓடுவார்.

“போர் நடந்த ஊர்க் கதை நமக்கெதுக்கு?” என்று முன்வரிசையில் ஒரு ஐயா கேட்கிறார். நியாயம்தான். 2010இல் டெல்லி மாயாபுரியில் போரும் இல்லை, புயலும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருஷம் சும்மா கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள கருவி ஏலத்தில் போய், காயலான் கடையில் பிரிக்கப்பட்டது. ஒரு தொழிலாளி இறந்தார். தவறு ஏலம் விட்டவர்களுடையது. அடி வாங்கியது பிரித்த கை.

அதனால் ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடச் சாமான் வந்தால், அளவுக்கு மீறிக் கனக்கிற பெட்டியாக இருந்தால், கட்டர் வைக்காதீர்கள். மஞ்சள் பட்டையில் மின்விசிறி இறக்கை மாதிரி மூன்று இதழ் இருந்தால் அது கதிரியக்கச் சின்னம். 2007இல் வந்த புதிய சின்னம் சிவப்பு முக்கோணம்: மண்டையோடும் ஓடுகிற மனிதனும் இருக்கும். தள்ளிப் போங்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள், 112க்குப் போன் போடுங்கள்.

வாந்தி எடுத்தால் டாக்டரிடம் எந்தச் சாமானைப் பிரித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். 1987இல் பிரேசிலின் கொயானியாவில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பட்டவர்களுக்கு வேறு நோய் என்று நினைத்துத்தான் முதலில் வைத்தியம் பார்த்தார்கள்.