கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். காதல் நாவல் படித்துவிட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த இருவரும் எதனால் பிரிந்தார்கள் என்றுதான். தப்பான கைக்குப் போன கடிதம், பாதியில் ஒட்டுக்கேட்ட பேச்சு, திடீரென்று வந்து நிற்கும் பழைய காதலி என்று பதில் வந்தால் எனக்கு அந்த ஜோடிமேல் நம்பிக்கை போய்விடும். அங்கே வேறு எந்த இருவரை நிறுத்தினாலும் அதே கதைதான் நடந்திருக்கும்.

சாலி ரூனி 2018இல் எழுதிய ‘நார்மல் பீப்பிள்’ நாவலுக்கு வருகிறேன். அயர்லாந்தின் மேற்கே ஒரு சின்ன ஊர். கானெல் என்ற பையனும் மேரியான் என்ற பெண்ணும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். அவனுக்குப் பள்ளியில் நல்ல மதிப்பு, கால்பந்து ஆடுகிறவன். அவளோடு யாரும் சேர்வதில்லை. ஆனால் அவளுடைய பெரிய வீட்டில் துப்புரவு வேலை பார்ப்பவர் அவன் அம்மா லொரெய்ன். இருவரும் பழகுவது நண்பர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே, பள்ளி முடியும்போது நடக்கும் நடன விருந்துக்கு அவன் வேறொரு பெண்ணை அழைத்துவிடுகிறான்.

இது லொரெய்னுக்குத் தெரியவருவது காரில். மகன்தான் ஓட்டுகிறான். அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று இறங்கிவிடுகிறார். மேரியான் அந்தக் காட்சியிலேயே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். காதலர்களைப் பற்றிச் சொல்ல எப்போதும் காதலர்களே பேச வேண்டும் என்பதில்லையே!

அப்புறம் இருவரும் டப்ளினில், டிரினிட்டி கல்லூரியில். இங்கே எல்லாம் தலைகீழ். அவளைச் சுற்றி நண்பர்கள், அவன் ஒதுங்கி நிற்கிறான். கோடை விடுமுறை வருகிறது. அவனிடம் அறை வாடகைக்குப் பணமில்லை. ஏற்கெனவே பெரும்பாலான இரவுகள் அவள் வீட்டில்தான். “இந்தக் கோடைக்கு இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால் போதும். கேட்க முடியவில்லை. அவள் அம்மா கொடுக்கும் கூலிதான் தன் அம்மா வழியாகத் தன் பைக்கு வந்து, மேரியானுக்கே செலவாகியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். பணத்தைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. கவலையே பட்டிராத அவளுக்கு அது தோன்றவும் இல்லை. ஊருக்குத் திரும்பப் போவதாக அவன் சுற்றி வளைத்துச் சொல்ல, நம்மை விட்டுவிடப் பார்க்கிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், பிரிந்தாயிற்று.

வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று இந்த இடத்தில் பலருக்கும் கோபம் வரும். சரி, எனக்கும் வந்தது. புத்தகத்தை மூடிக்கூட வைத்துவிட்டேன். பிறகுதான் லொரெய்ன் காரைவிட்டு இறங்கிப் போனது நினைவுக்கு வந்தது. அன்று விருந்துக்கு மேரியானை அழைக்க வாய் வராத அதே பையன்தான் இவன். அன்று அவன் வாயைக் கட்டியது நண்பர்களின் கேலி. இன்று, அம்மாவின் கூலி.