சிப்பே இல்லாத டேக்

வணக்கம். ஒரு துண்டு செலோடேப்பு என் வேலையை எப்படிக் கவுத்துச்சுன்னு சொல்லி ஆரம்பிக்கிறேன். ரெண்டு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர்ல ரேடியோ அலையால நம்பர் படிக்கிற ஒரு டேக் செஞ்சு லேப்ல அளந்து பாத்தா எல்லா நம்பரும் கரெக்டா வந்துச்சு, சரின்னு அதை அட்டைப்பெட்டியில வெச்சு மேல டேப் போட்டு ஒட்டினேன், உடனே வேற நம்பர் காட்டுது. டேக்ல எதுவும் மாறலை, டேப்பு ஒண்ணுதான் புதுசு.

அது எப்படின்னு புரியணும்னா சிப்லெஸ் ஆர்எஃப்ஐடின்னா என்னன்னு பாத்துடலாம். ஆர்எஃப்ஐடின்னா ரேடியோ அலையால பொருளை அடையாளம் காண்றது. சாதாரண ஆர்எஃப்ஐடி டேக்ல ஒரு ஆன்டெனா, அதோட ஒரு குட்டி சிப் இருக்கும், நம்பர் சிப்புக்குள்ள இருக்கும். அந்த சிப்பும், அதை ஆன்டெனாவுல ஒட்டுற வேலையும்தான் செலவு, அதனாலதான் பேப்பர்ல அச்சடிக்கிற பார்கோடை இன்னும் யாராலயும் விரட்ட முடியலை. சிப்பை எடுத்துட்டா நம்பரை எங்க எழுதறது? உலோகத்தோட வடிவத்துலயே எழுதிடலாம். வேற வேற சைஸ்ல அஞ்சாறு மணி தொங்குதுன்னு வெச்சுக்கோங்க, ஒரு தட்டு தட்டினா ஒவ்வொண்ணும் அதோட சுருதியில ஒலிக்கும், அந்த சத்தத்தை வெச்சே எந்தெந்த மணி இருக்குன்னு சொல்லிடலாம். இங்க தட்டுறது ரீடர், அதாவது டேக்கைப் படிக்கிற கருவி அனுப்புற ரேடியோ அலை, சுருதிங்கிறது அதிர்வெண், மணிங்கிறது தாமிரக் கோடு, அதைத்தான் ரெசனேட்டர்னு சொல்றோம்.

2009ல ஆஸ்திரேலியாவுல மோனாஷ் யூனிவர்சிட்டி ஆளுங்க 35 சுருள் ரெசனேட்டரை வரிசையா வெச்சு 35 பிட், அதாவது 35 பூஜ்யம்-ஒண்ணு எழுதற டேக் செஞ்சாங்க. நல்ல வேலைதான், ஆனா சைஸ் 88 மில்லிமீட்டருக்கு 65, அதாவது ஏடிஎம் கார்டை விடப் பெருசு. அதுல வாங்க ஒரு ஆன்டெனா, திருப்பி அனுப்ப ஒரு ஆன்டெனா, அதுங்களே பாதி இடத்தைத் தின்னுடும்.

அப்ப ஆன்டெனாவே வேண்டாம், ரெசனேட்டரே அலையை வாங்கித் திருப்பி வீசட்டும்ங்கிறதுதான் அடுத்த யோசனை. இதுலதான் நான் மாட்டிக்கிட்டது. 3 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 10 சென்டிமீட்டர், நேர் கோடா ஒரு டைபோல், அதாவது சாதா கம்பி ஆன்டெனா போட்டா அதுல பாதி, 5 சென்டிமீட்டர் நீளம் வேணும். அதையே இங்கிலீஷ் எழுத்து சி மாதிரி மடிச்சா ரெண்டு கைக்கும் நடுவுல இருக்கிற சந்துதான் ஒலிக்கும், கால் அலைநீளம் போதும், சர்க்யூட் போர்டு மேல வெச்சா அதுவும் இன்னும் குறையும்.

மடிச்சதுல ஒரு லாபம் உண்டு, கூடவே ஒரு நஷ்டமும் உண்டு. ரெண்டு கையிலயும் கரண்ட் எதிர் எதிர் திசையில ஓடுது, ஒண்ணு வீசறதை இன்னொண்ணு அடிச்சிடுது, அதனால வெளிய கசியறது கம்மி, மணி ரொம்ப நேரம் ஒலிக்கும், சுருதியும் சுத்தமா இருக்கும். ஆனா கசிவு கம்மின்னா ரீடர் காதுக்கு வர்ற சத்தமும் கம்மிதானே? போதாக்குறைக்கு தூரம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்ற பவர் 16ல ஒரு பங்காயிடும். சரி ரீடர்ல பவரை ஏத்தலாம்னு பாத்தா அதுக்கும் வேலி போட்டிருக்காங்க, அமெரிக்காவுல 2002ல வந்த அல்ட்ரா வைட்பேண்ட், அதாவது ரொம்ப அகலமான அலைவரிசைக்கான விதிப்படி 3.1லேருந்து 10.6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 74 நானோவாட்தான். அதனால டேக் சின்னதாச்சுன்னு யாராவது பெருமையா சொன்னா நான் முதல்ல கேக்கறது, எவ்வளவு தூரத்துலேருந்து படிச்சீங்கன்னுதான்.

போர்டும் காலை வாரும். எஃப்ஆர்4ங்கிற வழக்கமான போர்டு மலிவு, ஆனா சத்தத்தை உறிஞ்சிடும், குவாலிட்டி ஃபேக்டர், அதாவது சுருதி எவ்வளவு கூர்மைங்கிற அளவு, 50 கிட்டயே நின்னுடும், 4 கிகாஹெர்ட்ஸ்ல 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு மொட்டை மேடுதான் தெரியும். அதையே 200க்குக் கொண்டு போனா 20 மெகாஹெர்ட்ஸ்தான், எத்தனை நம்பர் அடைக்கலாம்னு பாருங்க. அதனால நான் நல்ல போர்டுதான் எடுத்தேன், பட்ஜெட் போச்சு, அது வேற கதை.

என் டேக்ல ஆறு சி. 3லேருந்து 6 கிகாஹெர்ட்ஸை ஆறு அறையா பிரிச்சு ஆளுக்கு 500 மெகாஹெர்ட்ஸ், அதுக்குள்ள 50, 50ஆ தள்ளி பத்து இடம். ஒவ்வொரு சியும் பூஜ்யத்துலேருந்து ஒன்பது வரைக்கும் ஒரு இலக்கம், சந்து நீளத்தை கொஞ்சம் கூட்டிக் குறைச்சா இலக்கம் மாறிடும். இதுல பெரிய தலைவலி பக்கத்துப் பக்கத்துல இருக்கிற சி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறது, ஒண்ணை மாத்தினா அடுத்ததும் நகருது. சைஸ் வரிசையில அழகா அடுக்கினா அவ்வளவுதான், கிட்டத்தட்ட ஒரே சுருதி உள்ள ரெண்டும் பக்கத்துல வந்துடும், அதனால வேணும்னே கலைச்சு வெக்கணும், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், பரவாயில்லை.

இப்ப டேப்புக்கு வருவோம். அது ஒரு மெல்லிசு பிளாஸ்டிக், அது சந்து மேல உக்காந்ததும் ஆறு சியோட சுருதியும் லேசா கீழ எறங்கிடுச்சு, குறைஞ்சது 30 மெகாஹெர்ட்ஸ் போல. ஒரு இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் 50தானே இடைவெளி, பாதியைத் தாண்டிட்டா ரீடர் பக்கத்து இலக்கம்னு படிச்சிடுது. நாலு நாள் ரீடர் சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் கவனிச்சேன், எல்லாமே ஏறக்குறைய ஒரே விகிதத்துல எறங்கியிருக்கு. அப்ப ஒரு சியை நம்பருக்கு யூஸ் பண்ணாம எல்லா டேக்லயும் ஒரே நீளத்துல விட்டுட்டா, அது எவ்வளவு நகந்துச்சுன்னு பாத்து மத்ததையும் திருத்திக்கலாம். ஒரு இலக்கம் போச்சு, ஒரு லட்சம் நம்பர் மிச்சம்.

இதால ரெண்டு டேக் ஒட்டி ஒட்டி இருக்கிற பிரச்சனை தீரலை. சிப் இருக்கிற டேக்கை நீ பேசு, நீ இருன்னு ரீடர் அடக்கலாம், இதுங்களை தட்டினா எல்லாம் ஒண்ணா கத்தும். நான் இப்போதைக்கு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டித்தான் படிக்கிறேன், டேப்போட.